மேக்ஸ் பெய்ன்: கதையும் விதியும்

குற்றப் பின்னணி கொண்ட சுடுதல் விளையாட்டுகளின் வரலாற்றில், பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் உருவாக்கி 2001இல் வெளிவந்த ‘மேக்ஸ் பெய்ன்’ ஒரு திருப்புமுனை. போதைப்பொருளுக்கு அடிமையானோரிடம் மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் பறிகொடுத்த நியூயார்க் காவலர் ஒருவர், பனிப்புயல் இரவுகளில் பழிதீர்க்கப் புறப்படுவதே கதை.

அதன் வலிமைகள் இரண்டு. ‘புல்லட் டைம்’ என்னும் உத்தி காலத்தை மெதுவாக்கி, துப்பாக்கிச் சண்டையைக் கணநேரத் திட்டமிடலாக மாற்றியது. அசைவூட்டக் காட்சிகளுக்குப் பதிலாகப் படக்கதைச் சட்டகங்களும் நாயகனின் தன்மைக் கூற்றும் கதையை நகர்த்தின. செலவைக் குறைத்த இவ்வழியே அதன் தனிநடையாகவும் அமைந்தது.

குறைகளும் வெளிப்படையானவை. இருளில் குருதிக் கோட்டின்மேல் தடம் பிறழாது நடக்கவேண்டிய கனவுக் கட்டங்கள் பொறுமையைச் சோதித்தன. அதனினும் ஆழமானது ஒரு முரண். இரு உயிர்களின் இழப்பைத் தாளாது புலம்புபவர், எண்ணற்றோரைக் கூசாமல் கொல்கிறார். போதைப்பொருளால் குடும்பத்தை இழந்தவர், காயமுறும்போதெல்லாம் வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கியே உயிர் தரிக்கிறார். 2001இல் இம்மாத்திரை பெரிதும் விளையாட்டு விதியாகவே நின்றது. 2012இல் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகம், அதே மாத்திரையை மதுவோடு சேர்த்து நாயகனின் அடிமைப் பழக்கமாகக் கதைக்குள் கொணர்ந்தது. விதியும் கதையின் ஒரு கூறே என்பதை முழுமையாக ஏற்க இத்தொடருக்குப் பதினோரு ஆண்டுகள் தேவைப்பட்டன.