கட்டுரை எழுதக் கற்ற கதை

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். கட்டுரை எழுதச் சொல்லித்தர வேண்டுமாம். ரிட்டயர் ஆன குமாஸ்தாவுக்குப் பொழுது போக வேண்டுமே, சரி என்றேன். முதல் நாள் "நூலகத்தின் பயன்" என்று தலைப்புக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் மூவரும் எழுதி நீட்டினார்கள். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. முன்னுரையில் அதே உவமை, முடிவுரையில் "ஆகவே நாமும் நூலகத்தைப் பயன்படுத்தி வாழ்வில் உயர்வோமாக" என்ற அதே வாக்கியம். நோட்ஸ் புத்தகத்தில் இருந்ததாம். கடைசியாக நூலகத்துக்குப் போனது எப்போது என்று கேட்டேன். மூவரில் ஒருத்தியான அந்தப் பெண் மட்டும் சிரித்துவிட்டு, "போனதே இல்லை தாத்தா" என்றாள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்தது. அதோடு கட்டுரை என்ற சமாசாரத்தின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

"எஸ்ஸே" என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அது பிரெஞ்சிலிருந்து போன சொல். "எஸ்ஸெ" என்றால் முயற்சி, முயன்று பார்ப்பது. அந்தப் பெயரை ஒரு நூலுக்கு வைத்தவர் மோந்தேஞ். போர்தோ நகரத்து நீதிமன்றத்தில் பதவியில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1571இல், 38 வயதில், தன் ஊர்க் கோட்டையின் கோபுரத்தில் புத்தகங்களோடு உட்கார்ந்துகொண்டார். அவரும் நம்மைப்போல ஓய்வுபெற்றவர்தான், கொஞ்சம் சீக்கிரமாக! 1580இல் அவருடைய நூல் முதலில் அச்சானது. நட்பு, பயம், பொய், குழந்தை வளர்ப்பு என்று மனதில் பட்டதையெல்லாம் தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொண்டு எழுதினார். 1597இல் இங்கிலாந்தில் பேக்கன் அதே பெயரில் ஒரு நூல் போட்டார். அப்படித்தான் அந்தச் சொல் உலகம் சுற்றியது.

வேடிக்கை என்னவென்றால், எஸ்ஸெயைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் எஸ்ஸெ எழுதச் சொல்வதில்லை. அவர்கள் முக்கியமாகக் கேட்பது "திசெர்த்தாசியோன்". மோந்தேஞ் தெருவில் காற்று வாங்கப் போகிறவர் மாதிரி எழுதினார் என்றால், திசெர்த்தாசியோன் கொத்தனார் நூல்கயிறு கட்டிச் சுவர் எழுப்புகிற மாதிரி.

அதுவும் ஆதியிலிருந்தே இருந்தது அல்ல. பழைய காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் மேல்வகுப்புக்கு "ரெத்தோரிக்" என்று பெயர், அதாவது சொல்வன்மை வகுப்பு. இயேசு சபையார் 1599இல் வகுத்த பாடமுறையிலேயே அதற்கு முக்கிய இடம் உண்டு. அங்கே மாணவன் தன் கருத்தை எழுத மாட்டான். தோற்றுப்போன ஒரு தளபதி தன் படைக்கு என்ன சொல்லியிருப்பான் என்று லத்தீனில் ஒரு சொற்பொழிவு எழுதுவான். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஆசிரியரே சுருக்கமாகக் கொடுத்துவிடுவார். பையன் அதை அலங்காரம் செய்து நீட்டினால் போதும். யோசித்துப் பாருங்கள், நம் நோட்ஸ் புத்தகத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

பக்கலோரியா பரீட்சையை நெப்போலியன் 1808இல் ஏற்படுத்தினார். முதலில் அது வாய்மொழித் தேர்வுதான். எழுத்துத் தேர்வு பிறகு வந்தது. லத்தீன் சொற்பொழிவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரெஞ்சில் கட்டுரை எழுதச் சொன்னது 1880இல், ஜூல் ஃபெரி கல்வி மந்திரியாக இருந்தபோது. 1902இல் ரெத்தோரிக் வகுப்பின் பெயரையே "பிரெமியேர்" என்று மாற்றினார்கள். அடுத்தவன் வாயால் பேசிக்கொண்டிருந்த மாணவனை "நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்க ஆரம்பித்த மாற்றம் அது. அந்தக் கேள்வி கப்பலேறி எங்கள் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது.

நான் அதில் மாட்டிக்கொண்டது அறுபதுகளின் நடுவில். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் போய்விட்டது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டோம். ஆனாலும் என்னைப்போல பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதே வழியில்தான் தொடர்ந்தோம். கீழ்வகுப்புகளில் "ரெதாக்சியோன்", அதாவது பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது. அதில் நான் கெட்டிக்காரன். "செகோந்த்" வகுப்புக்கு வந்ததும் முதல் திசெர்த்தாசியோன். பயணம் இளைஞனை உருவாக்கும் என்கிறார்களே, அது உண்மையா என்பது தலைப்பு.

எனக்கோ குஷி. அந்த லீவில்தான் காரைக்காலுக்கு அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்திருந்தேன். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம், தரங்கம்பாடிக் கடல், அத்தை வீட்டு இறால் குழம்பு என்று நாலு பக்கம் எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது இருபதுக்கு ஆறு மார்க். மேலே சிவப்பு மையில் "ஓர் சுஜே". தலைப்புக்கு வெளியே என்று அர்த்தம். எங்கள் முசியே என்னை நிறுத்திவைத்து, "பயணம் என்ற சொல்லைப் பார்த்தாய். கடைசியில் இருந்த கேள்விக்குறியைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கற்றுக்கொடுத்ததை இன்றும் மறக்கவில்லை. பேனாவை உடனே எடுக்காதே. தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் கோடிட்டுப் பார். அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வியைக் கண்டுபிடி. தனித்தாளில் திட்டம் போடு. அந்தத் தனித்தாளுக்கு "புரூயோன்" என்று பெயர். முன்னுரையில் மூன்று வேலை: விஷயத்துக்குள் அழைத்துப் போவது, கேள்வியை வைப்பது, எந்த வழியாகப் போகப்போகிறோம் என்று சொல்வது. நடுவில் "தேஸ்", அதாவது ஒரு கட்சி. பிறகு "ஆந்திதேஸ்", எதிர்க்கட்சி. கடைசியில் "சேந்தேஸ்", இரண்டையும் எடைபோட்டு நீ வந்து சேரும் இடம். முன்னுரையும் முடிவுரையும் புரூயோனில் முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் எங்கே போய் முடியும் என்று தெரியாதவன் வண்டியை எடுக்கக் கூடாது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சொத்து என்று பல வருஷம் நினைத்திருந்தேன். பிற்பாடு தமிழ் நூல்களைப் புரட்டியபோது வெட்கமாகப் போய்விட்டது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம், பிறகு சுபக்கம். எதிராளி என்ன சொல்கிறான் என்பதை முழுக்க எடுத்து வைத்து அதை மறுத்த பிறகுதான் தன் கொள்கை. பவணந்தியாரின் நன்னூல் ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. குறைத்துச் சொல்வது, மிகைப்படுத்துவது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, வேறொன்றை விரித்துக்கொண்டு போவது எல்லாம் அதில் உண்டு. என் காரைக்கால் பயணம் அந்தக் கடைசிக் குற்றமேதான்! "கட்டுரை" என்ற சொல்லும் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதை என்றே ஒரு காதை இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பழைய வினையை எடுத்துச் சொல்லும் இடம் அது.

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். 1956 ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்கு இங்கே ஆட்சிமொழி அந்தஸ்து இருந்தாலும், 1963இல் யூனியன் பிரதேசமான பிறகு ஃபைல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. எனக்கு ஆங்கிலம் தடுமாறும். அதனால் பயந்து பயந்து நோட் எழுதுவேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் புருஷன் பெயர் ஒரு எழுத்துக்கூட்டல், சர்வீஸ் புக்கில் வேறு. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முத்து என்று எழுத பிரெஞ்சுக்காரனுக்கு "ஓ", "யு" இரண்டும் வேண்டும், ஆங்கிலத்தில் "யு" மட்டும் போதும். இரண்டும் ஒரே ஆள்தானா என்பதே கேள்வி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அழகாக எழுதினேன். ஒரு பக்கம் பெயர் வேறுபடுகிறது. மறு பக்கம் பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் பொருந்துகின்றன. தக்க உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. தேஸ் இருந்தது, ஆந்திதேஸ் இருந்தது, சேந்தேஸை விட்டுவிட்டேன். தப்பாகிவிட்டால் என் தலையில் விழுமே என்ற பயம். மேலே இருந்தவர்களுக்கும் அதே பயம் இருந்திருக்கும். "பேசவும்" என்று எழுதித் திரும்பி வரும். பேசுவேன். இன்னொரு சான்றிதழ் கேட்பார்கள். அந்த அம்மா மாதம் ஒருமுறை வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். என்னைக் குறை சொன்னதில்லை, "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அவர் காதில் இருந்த தோடு இல்லை, துளையில் ஈர்க்குச்சி இருந்தது. அதை நான் பார்த்தேன்.

அன்றிரவு புரூயோன் போட்டேன். மறுநாள் அரைப் பக்கம் நோட் எழுதினேன். கேள்வி இது. எதிராகச் சொல்லக்கூடியது இது. இந்த மூன்று காரணங்களால் இருவரும் ஒருவரே. ஆகவே ஓய்வூதியம் வழங்கலாம். கீழே என் கையெழுத்து. மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது. முதல் நாளே அப்படி எழுதியிருக்கலாம், கையில் இருந்த தாள்கள் பெரும்பாலும் அதேதான். அந்தப் பதினான்கு மாதத்தை யார் கணக்கில் எழுதுவது? என் கணக்கில்தான்.

இந்தக் கதையைத் திண்ணையில் பிள்ளைகளிடம் சொன்னேன். முடிவுரை என்பது கடைசியில் ஒட்டும் வாழ்த்து இல்லை, எழுதுகிறவன் தன் பொறுப்பில் கையெழுத்துப் போடும் இடம் என்றேன். பையன்கள் இருவரும், "மார்க் குறைந்துவிட்டால் என்ன செய்வது?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பரீட்சைக்கு வேண்டிய சட்டகத்தையும் குறிப்புகளையும் படித்துக்கொள்ளுங்கள், அதை நான் தடுக்கவில்லை, ஆனால் வாரம் ஒன்று எனக்காக எழுதுங்கள் என்று சமாதானம் சொன்னேன்.

போன வாரம் "நம் தெருவுக்கு நூலகம் தேவையா?" என்று தலைப்பை மாற்றிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு என்று அவள் அண்ணன் கேட்டதை முதலில் வைத்திருந்தாள், நேர்மையாகவே. பிறகு, வீட்டில் போன் ஒன்றுதான், அது அண்ணனிடம் இருக்கிறது, தனக்கு உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: ஆகவே தேவை, ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும்.

எழுத்துப்பிழை ஐந்தாறு இருந்தது. இருபதுக்குப் பதினான்கு போட்டேன். எங்கள் முசியே இருந்திருந்தால் பன்னிரண்டுக்கு மேல் போட்டிருக்க மாட்டார்.