ஃபின்சன் விளக்கும் வைட்டமின் டி-யும்

வைட்டமின் டி-யும் தொற்றுநோயும் என்று பேச்சு எடுத்தாலே நீல்ஸ் ஃபின்சன் பெயரும் வந்துவிடும். வெயிலால் காசநோயைக் குணப்படுத்தி நோபல் வாங்கியவர் என்பார்கள். பாதிதான் சரி.

கோபன்ஹேகனில் அவர் சிகிச்சை தந்தது நுரையீரல் காசநோய்க்கு இல்லை. முகத்தை அரித்துச் சிதைக்கும் லூபஸ் வல்காரிஸ் என்ற தோல் காசநோய்க்கு. கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியைக் குவார்ட்ஸ் லென்ஸ்களால் குவித்துப் புண் மேல் விழச் செய்தார். பலருக்குக் குணமானது. 1903-ல் நோபல், அடுத்த வருடமே 43 வயதில் இறந்துபோனார்.

வைட்டமின் டி என்ற பெயரே 1920-களில்தான் வந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்: புற ஊதாக் கதிர் பட்டது, தோலில் வைட்டமின் டி ஊறியது, கிருமி செத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் பழைய ஃபின்சன் விளக்குகளின் லென்ஸ்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். 340 நானோமீட்டருக்குக் கீழான கதிர் எதுவும் அவற்றைத் தாண்டி வரவில்லை. தோலில் வைட்டமின் டி உருவாக 315-க்கும் கீழே வேண்டும்! கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின்கள் ஒளியை வாங்கி, அதையே கொல்லும் வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். எங்கள் தொழிலில் இது சகஜம். ப்ரோகிராம் சரியாக ஓடும். ஏன் ஓடுகிறது என்று நாம் நினைத்த காரணம் தப்பாக இருக்கும்.

இதை நான் தோண்டியதற்குக் காரணம் உண்டு. உறவினர் ஒருவர், காலை வெயிலே போதும் என்று காசநோய் மாத்திரையை மூன்றாம் மாதத்தில் நிறுத்தப் பார்த்தார். ஆறு மாதம் முடிக்காவிட்டால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். நல்லவேளை, அவர் மனைவி விடவில்லை.

வைட்டமின் டி-க்குச் சம்பந்தமே இல்லை என்றும் தள்ள முடியாது. அது போதுமான அளவு இருந்தால் நம் மேக்ரோஃபேஜ் செல்கள் கேதலிசிடின் என்ற பொருளைச் சுரந்து காசநோய்க் கிருமியைத் தாக்குகின்றன என்று 2006-ல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று காட்டியது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில்.

பிள்ளைகளிடம் சோதித்தது மங்கோலியாவில். உலான்பாட்டரில் 8,851 பள்ளிக் குழந்தைகள், 3 வருடம், பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே பற்றாக்குறை. பலன் தெரிய இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. 2020-ல் முடிவு வந்தது. இரத்தத்தில் அளவு நன்றாகவே ஏறியிருந்தது. காசநோய்த் தொற்று மட்டும் வைட்டமின் சாப்பிட்டவர்களில் 3.6 சதவீதம், சாப்பிடாதவர்களில் 3.3.