புலம்பும் தனிமையும்: நெடுநல்வாடை பற்றிய ஒரு குறிப்பு

அருகில் எவருமின்றி இருக்கும் நிலையையும், பலர் சூழ இருந்தும் உள்ளத்தில் எழும் வெறுமையையும் இன்று நாம் ‘தனிமை’ என்ற ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். முன்னையது புறநிலை; பின்னையது ஓர் உறவு அறுந்தமையின் விளைவு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையாலேயே தனிமையுணர்வு கால இடங்களைக் கடந்த மனித நியதி என்னும் கருத்து எளிதில் நிலைபெறுகின்றது. இருத்தலியத்தின் செல்வாக்குக்குட்பட்ட விமர்சகர் சிலர் சங்கப் பாடல்களையும் இந்நோக்கிலேயே விளக்க முற்பட்டனர். பாடல்களோ அவர்களுக்கு இடந்தருவதாகத் தெரியவில்லை.

தொல்காப்பிய உரியியல் ‘புலம்பு’ என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருள் கூறும். அரற்றுதல் என்னும் பொருளே இன்று நமக்குப் பழக்கமானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய, நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் இச்சொல் வரும் இடம் நமது கவனத்துக்குரியது. 188 அடிகள் கொண்ட அப்பாட்டின் முதல் எட்டு அடிகளுக்குள்ளேயே அது வந்துவிடுகின்றது. அங்கு அரசியோ தலைவியோ இல்லை. பெருமழையை வெறுத்த கோவலர், தம் நிரைகளை வேறு நிலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தைவிட்டுப் பெயர்ந்தமையால் நேர்ந்த புலம்பு அவர்களைக் கலங்கச் செய்கின்றது. இரண்டு அடிகள் கழித்து ‘பலருடன்’ என்ற சொல் வருகின்றது. அவர்கள் பலராகக் கூடியே நெருப்பிற் குளிர்காய்கின்றனர், கூடியே நடுங்குகின்றனர். கோவலருக்கு மேய்ச்சல் நிலம் வெறும் இடமன்று. அவர்தம் உழைப்பு நிகழும் களம், பிழைப்பின் அடிப்படை. அதனோடுள்ள பிணைப்பு அறுந்த இடத்திலேதான் புலம்பு பிறக்கின்றது. பக்கத்தில் நிற்கும் பலராலும் அதனை நீக்க இயலவில்லை. (1983க்குப் பின்னர் ஈழத்தவரிடையே பெருவழக்காகிவிட்ட ‘புலம்பெயர்’ என்னும் தொடரும் இதே அடியில், ‘புலம்பு’ என்னும் சொல்லை ஒட்டியே நிற்கின்றது.)

அரண்மனைக் காட்சியிலும் உடலளவில் தனித்திருப்போர் எவருமிலர். யானைத் தந்தத்தாற் கால்கள் அமைந்த கட்டிலில் அரசி கிடக்கின்றாள். சேடியர் அடி வருடுகின்றனர். செவிலியர் சிறியனவும் நெடியனவுமாகப் பல மொழிகள் சொல்லித் தேற்றுகின்றனர். அவள் தேறுகின்றாளில்லை. பாசறையில் மன்னன் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரரைக் கண்டு திரிகின்றான். அவனும் ‘சிலரொடு’தான் திரிகின்றான். இவ்விருவரையும் பிரித்து வைத்திருப்பது போர். அப்போர் அவன் அரசுக்குரியது. அதே அரசே அவளுக்குக் கட்டிலையும் சேடியரையும் தந்தது.

மாக்ஸ் 1857இல் எழுதிய அறிமுகவுரையில், தனித்து நிற்கும் வேடனிலிருந்தும் மீனவனிலிருந்தும் தம் ஆய்வைத் தொடங்கிய பொருளியலாளரை எள்ளி, சமூகத்தின் நடுவிலேயே மனிதன் தனியனாக முடியும் எனக் காட்டினார். அவர் அங்கு உணர்ச்சிகளைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மையே. கூலியுழைப்பின் கீழ் விளையும் அந்நியமாதலைச் சங்ககாலக் கோவலர் மீது ஏற்றிக் காண்பதும் பொருந்தாது. மழை ஓய்ந்தால் அவர்கள் தம் நிலத்துக்கு மீளக்கூடியவர்கள். ஆயினும் தனிமையை ஆளெண்ணிக்கையால் அளத்தல் தகாது என்பதில் இப்பாட்டு நமக்குத் தெளிவான சான்றாகின்றது.

நெடுநல்வாடை அகமா புறமா என்ற வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. வேலிற் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுவதால் இது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். விவாதம் முழுவதும் அரசனையும் அரசியையும் சுற்றியே நடந்தது. அடி வருடிய சேடியர் எவரைப் பிரிந்து அங்கு வந்தனர் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை, உரைகாரர் கேட்கவுமில்லை. முதல் எட்டு அடிகளுக்குப் பின்னர் அந்தக் கோவலரும் பாட்டுக்குள் மீண்டும் வருவதில்லை.