பீனிக்ஸ் ரீ என்பவர் யார்?

2022 அக்டோபர் இறுதியில் ஜப்பானின் சேகா நிறுவனம் ‘மெகா டிரைவ் மினி 2’ என்ற சிறிய கன்சோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் இறுதியில் வெளிவந்த மெகா டிரைவ் கன்சோலின் சிற்றுருவம் அது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய ஆட்டங்கள் அதற்குள்ளேயே பதிந்திருந்தன. வாங்கியவர்கள் அதை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியலைத் திரையில் ஓடவிட்டபோது, அதில் ஓர் அஞ்சலிக் குறிப்பு வந்தது. ரியேகோ கொடாமா என்ற பெண்ணின் நினைவாக எழுதப்பட்ட குறிப்பு. அவர் அந்த ஆண்டு மே மாதமே, தன் 58ஆவது வயதில் இறந்துபோயிருந்தார். ஐந்து மாதங்களாக வெளியுலகுக்குத் தெரியாதிருந்த அந்த மரணம் பழைய ஆட்டங்களை ஓட்டும் ஒரு புதிய கருவியின் வழியாகத் தெரியவந்தது. பிறகுதான் சேகாவைச் சேர்ந்தவர்கள் அதை உறுதிசெய்தார்கள்.

வீடியோ கேம் வரலாற்றில் பெண்களின் பெயர்கள் இப்படித்தான் வந்து சேர்கின்றன: தாமதமாக, ஓரத்தில், கடைசிப் பக்கத்தில். பழைய ஆட்டங்களைப் புதிய கன்சோல்களில் மீண்டும் விளையாடுவது இன்று பெரிய வணிகம். அதைச் சிறுவயது நினைவுகளின் கொண்டாட்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த ஆட்டங்களைச் செய்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஓர் ஆட்டம் திரும்பி வரும்போது, அதைச் செய்த பெண்ணும் அதனோடு திரும்பி வருகிறாளா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

முதலில், ஒரு பழைய ஆட்டம் புதிய கருவியில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு வழி, பழைய கன்சோலின் சிப்பையே புதிய கன்சோலுக்குள் வைத்துவிடுவது. 2000ஆம் ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 2 முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளை ஏற்றுக்கொண்டது இப்படித்தான். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் முதல் மாடல்களிலும் முந்தைய கன்சோலின் சிப்புகள் இருந்தன. செலவைக் குறைக்க, பின்னால் வந்த மாடல்களில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது வழி எமுலேட்டர். பழைய சிப் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருள் அது. பழைய ஆட்டத்தின் நிரலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அதற்குக் கொடுத்தால் போதும். தான் இருப்பது பழைய வீட்டில்தான் என்று நம்பி ஆட்டம் ஓடத் தொடங்கிவிடும். மூன்றாவது வழி, ஆட்டத்தையே புதிதாக எழுதுவது. இன்று கடைகளில் கிடைக்கும் பழைய ஆட்டத் தொகுப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது வழியில் வருபவை.

எமுலேட்டர் நிரலை அப்படியே காப்பாற்றுகிறது. நிரலுக்குள் எழுதப்படாதது எதுவும் அதன் கண்ணில் படாது. பெண்களின் வரலாற்றுக்கு இதனால் என்ன நேர்ந்தது என்பதற்கு கேரல் ஷாவின் கதை நல்ல உதாரணம்.

ஷா 1978இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் நிரலாளராகச் சேர்ந்தார். வீட்டு வீடியோ கேம்களை வடிவமைத்த முதல் பெண்களில் ஒருவர். நிறுவனத்தில் ஒரு பெண் வடிவமைப்பாளர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், இனி நிறப்பொருத்தம், வீட்டு அலங்காரம் பற்றியெல்லாம் ஆட்டங்கள் செய்யலாம் என்ற பொருளில் அதன் தலைவர் பேசியதை ஷா பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஷா அங்கே செய்தது முப்பரிமாண டிக்-டாக்-டோவும் செக்கர்ஸும். இரண்டுமே மூளைக்கு வேலை கொடுக்கும் ஆட்டங்கள்.

பிறகு அவர் ஆக்டிவிஷன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே 1982இல் வெளியான ‘ரிவர் ரெய்டு’தான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஓர் ஆற்றின் மேல் விமானம் பறக்கிறது. எரிபொருள் தீர்வதற்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும், எதிரே வருபவற்றைச் சுட வேண்டும், கரையில் மோதக் கூடாது. அட்டாரி 2600 கன்சோலில் இருந்த நினைவகம் வெறும் 128 பைட். ஆட்டம் முழுவதும் 4 கிலோபைட் கேசட்டுக்குள் அடங்க வேண்டும். நீண்ட ஆற்றின் வரைபடத்தைச் சேமித்து வைக்க அதில் இடம் ஏது? ஷா ஆற்றைச் சேமிக்கவில்லை. ஆற்றைப் பிறப்பிக்கும் ஒரு கணித விதியை எழுதினார். எண்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்துகொண்டே போக, திரையில் கரைகள் அகன்றும் குறுகியும் தீவுகளாகப் பிரிந்தும் வந்துகொண்டே இருக்கும். பார்ப்பதற்குத் தற்செயல்போல் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே ஆறுதான் வரும்.

அட்டாரி தன் நிரலாளர்களின் பெயரை எங்கும் போடாது. அந்த மனக்குறையோடு வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் தொடங்கியதுதான் ஆக்டிவிஷன். அங்கே ஆட்டத்தோடு வரும் கையேட்டில் வடிவமைப்பாளரின் பெயரும் படமும் இருக்கும். ‘ரிவர் ரெய்டு’ கையேட்டில் ஷா இருந்தார். ஆட்டத்தின் திரையிலோ நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் பெயர் வாழ்ந்தது காகிதத்தில். எமுலேட்டர் காகிதத்தைப் படிக்காது. 2002இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ஆக்டிவிஷன் தொகுப்பில் ‘ரிவர் ரெய்டு’ இருந்தது. பிற்காலத் தலைமுறைகள் அதை அங்கும் கணினிகளிலும் விளையாடின. கையேடு இல்லாமல் ஆட்டத்தை மட்டும் சந்தித்தவருக்கு, அந்த ஆற்றைச் செய்தது ஒரு பெண் என்று தெரிய வழியே இல்லை.

ஜப்பானில் நடந்தது வேறு மாதிரி. அங்கே பல நிறுவனங்கள் ஆட்டத்தின் முடிவில் பெயர்ப் பட்டியல் போட்டன. ஆனால் பொய்ப் பெயர்களோடு. திறமைசாலிகளைப் போட்டி நிறுவனங்கள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சம்தான் காரணம். ஆண்களுக்கும் இதே விதிதான். ஆனால் விளைவு இருவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. பொய்ப் பெயரின் பின்னால் யாரென்று தெரியாதபோது, விளையாடுபவர் மனம் அங்கே ஓர் ஆணைத்தான் வைத்துப் பார்த்தது.

1986இல் கொனாமி வெளியிட்ட ‘காசில்வேனியா’வை எடுத்துக்கொள்வோம். டிராகுலாவின் கோட்டைக்குள் சவுக்கோடு போகும் வீரனின் கதை. அதன் இசை இன்றும் மேடைகளில் இசைக்கப்படுகிறது. இசையமைத்தவர்கள் கினுயோ யமாஷிதா, சதோயே தெராஷிமா என்ற இரு பெண்கள். யமாஷிதா அப்போதுதான் படிப்பை முடித்து வேலைக்கு வந்திருந்தார். ஆட்டத்தை முடித்ததும் ஓடும் பட்டியலில் பெரும்பாலான பெயர்களும் பழைய திகில் படக் கலைஞர்களின் பெயர்களைத் திரித்துச் செய்த கேலிப் பெயர்கள். இசைக்கு நேரே இருப்பது ‘ஜேம்ஸ் பனானா’. டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட் என்பவரை வைத்துச் செய்த வேடிக்கை. இரண்டு இளம்பெண்களின் உழைப்பு ஓர் ஆணின் பெயருக்குள், அதுவும் நகைச்சுவைக்காக, போய் உட்கார்ந்துகொண்டது. 2019இல் இந்த ஆட்டம் அன்றைய கன்சோல்களுக்கெல்லாம் ஒரு தொகுப்பாகத் திரும்பி வந்தது. நிரல் பழையதுதான் என்பதால் ‘ஜேம்ஸ் பனானா’வும் திரும்பி வந்தார்.

எமுலேட்டர் நேர்மையான நகலெடுப்பாளர். அழிப்பு நிரலுக்குள்ளேயே நடந்திருந்தால், அந்த அழிப்பையும் பிசகாமல் நகலெடுத்துத் தரும்.

ஆட்டங்களுக்குள் இருந்த பெண்பாத்திரங்களின் கதையும் இதேபோலத்தான் திரும்பி வருகிறது. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்ட்’ ஆட்டத்தின் நாயகர் சாமுஸ். கவசம் உடல் முழுவதையும் மூடியிருக்கும். ஆங்கிலக் கையேடு அவரை ஆண்பாலில்தான் குறிப்பிட்டது. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஆட்டத்தை முடித்தால் கடைசியில் கவசம் கழன்று, உள்ளே இருந்தது பெண் என்று தெரியும். இன்னும் வேகமாக முடித்தால் இன்னும் குறைந்த உடை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு நீச்சலுடை. விண்வெளியையே காப்பாற்றிய வீராங்கனையின் உடல், விளையாடியவரின் திறமைக்குத் தரப்படும் பரிசு ஆகிறது. இன்று நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் சந்தா கட்டுபவர்கள் இதே ஆட்டத்தை விளையாடலாம். அதே முடிவுகள் அங்கேயும் காத்திருக்கின்றன. அவற்றை வெட்டி எறியச் சொல்வது என் நோக்கம் இல்லை. வெட்டினால் அன்றைய மனநிலைக்கான சான்றும் போய்விடும். ஆனால் சான்றைச் சான்றாகப் படிக்க, பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பை யாரும் எழுதி வைப்பதில்லை.

இதே காலத்தில் வேறு மாதிரியான ஒரு பெண்ணும் திரையில் இருந்தாள். அவளை வரைந்தவர்தான் ரியேகோ கொடாமா. 1984இல் சேகாவில் ஓவியராகச் சேர்ந்தவர். 1987 டிசம்பரில் வெளியான ‘ஃபேன்டசி ஸ்டார்’ ஆட்டத்தின் பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தார். அதன் நாயகி அலிஸ். அண்ணன் அரசனின் ஆட்களால் கொல்லப்படுகிறான். அவள் வாளெடுத்து, துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு, மூன்று கோள்களைச் சுற்றி அந்த அரசனை எதிர்க்கிறாள். முதல் காட்சியிலேயே அவள் பெண் என்று நமக்குத் தெரியும். கவசம் கழற்றும் பரிசெல்லாம் கிடையாது. குழுவுக்குத் தலைமை அவள்தான். கதையை எழுதியவரும் ஒரு பெண்: சியேகோ ஆவோகி. பட்டியலில் இவர்கள் ‘பீனிக்ஸ் ரீ’, ‘ஒதெகாமி சியே’. அன்று ஆட்டத்தை முடித்து, பட்டியல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கு, இந்தப் பெயர்களுக்குப் பின்னால் சம்பளம் வாங்கி, மேசையில் உட்கார்ந்து வரைந்த ஒரு பெண் இருந்தார் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

கொடாமா அந்த வேலையை விடவில்லை. ‘ஃபேன்டசி ஸ்டார்’ வரிசையின் நான்காம் ஆட்டத்தை 1993இல் இயக்கினார். 2000இல் ‘ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா’வின் தயாரிப்பாளர் ஆனார். சேகா தன் பழைய ஆட்டங்களை ஸ்விட்ச் கன்சோலுக்குக் கொண்டுவர ‘சேகா ஏஜஸ்’ என்ற வரிசையைத் தொடங்கியபோது, அதன் தயாரிப்புப் பொறுப்பிலும் இருந்தார். 2018இல் அந்த வரிசையில் ‘ஃபேன்டசி ஸ்டார்’ வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தான் வரைந்ததை, புதிய கருவியில் திரும்பக் கொண்டுவரும் அதிகாரம் வரைந்தவர் கைக்கே வந்தது. இது மிக அரிதாகவே நடக்கிறது.

அந்த மறுவெளியீட்டில் செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. மூல ஆட்டத்தின் சுரங்கங்களில் வழி தெரிய வேண்டுமானால் கட்டம் போட்ட தாளில் நாமே வரைபடம் வரைய வேண்டும். பாத்திரங்களை வலுவாக்க மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சண்டை போட வேண்டும். புதிய பதிப்பில் சுரங்கத்தின் வரைபடம் தானாகவே உருவாகும். எதிரிகள் குறைவாக வந்து, அனுபவப் புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. பழைய கடினத்தோடு ஆட விரும்புபவர் அப்படியே ஆடலாம்.

இதைச் சலுகை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கஷ்டப்பட்டு முடிப்பதுதான் ஆட்டம் என்பார்கள். ஆனால் அந்தக் கஷ்டத்துக்குத் தேவைப்பட்டது திறமை மட்டும் அன்று. யாரும் கூப்பிடாத நீண்ட மாலைகள். ‘எழுந்து வந்து இதைப் பார்’ என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வராத ஞாயிறுகள். ஓய்வு நேரம் வீட்டுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரை மணி நேரம் கிடைத்தால் அரை மணி நேரம் விளையாடி, நிறுத்திய இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம் என்ற வசதி, ஆட்டத்தின் கதவை இன்னும் கொஞ்சம் பேருக்குத் திறக்கிறது.

ஆனால் எந்த ஆட்டம் திரும்பி வரும் என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான இணையக் கடையை மூடியது. அங்கு மட்டுமே கிடைத்த ஆட்டங்களை இனி யாரும் வாங்க முடியாது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கக் கொடுக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. திரும்ப வரும் சிறுபகுதி, நன்றாக விற்ற ஆட்டங்களின் பகுதி. நாம் இன்னும் பெயர் கண்டுபிடிக்காத பெண்களின் வேலை வராத பகுதியிலும் இருக்கிறது. ஆட்டமே கிடைக்காவிட்டால், அதன் கடைசித் திரையில் இருக்கும் பொய்ப் பெயர்கூடக் கிடைக்காது. தேடுவதற்கு நூல்முனை இருக்காது.

ஆகவே பழைய ஆட்டத்தைப் புதிய கன்சோலில் ஓட்டுவது பாதி வேலைதான். மறுபாதி, கையேட்டை ஸ்கேன் செய்து கூடவே வைப்பது, பொய்ப் பெயருக்கு எதிரே உண்மைப் பெயரை எழுதுவது, உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுப் பதிவு செய்வது. யமாஷிதாவைப் பற்றியும் ஷாவைப் பற்றியும் இன்று நமக்குத் தெரிவதெல்லாம் இப்படி யாரோ உட்கார்ந்து செய்த வேலையால்தான். கொடாமாவுக்கு 2019இல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் முன்னோடி விருது கிடைத்தது. தன் சொந்தப் பெயரில் அதை வாங்கிக்கொள்ள அவர் இருந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சிறிய கன்சோலின் பட்டியலில் அஞ்சலி எழுதியவர்களும் ‘பீனிக்ஸ் ரீ’ என்று எழுதவில்லை. ரியேகோ கொடாமா என்றே எழுதினார்கள்.