ஏற்காடு அடிவாரத்தில் ஒரு சினிமா மில்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பழைய வளைவு தெரியும். மேலே 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள், 'ஏதோ மூடிப்போன தியேட்டர் போல' என்று நினைத்துக்கொண்டு கடந்துபோவார்கள். டிக்கெட் கிழித்த தியேட்டர் இல்லை சார் அது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஒரு சினிமா கம்பெனியின் வாசல். உள்ளே இருந்த ஸ்டூடியோ போய்விட்டது. வாசல் மட்டும் நிற்கிறது.

அந்த வாசலைக் கட்டியவர் டி.ஆர்.சுந்தரம். திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். 1907-ல் பிறந்தவர். ஜவுளித் தொழில் குடும்பம். பையன் படித்துவிட்டு வந்து தொழிலைப் பெரிசாக்குவான் என்று இங்கிலாந்துக்கு, லீட்ஸ் நகருக்கு அனுப்பினார்கள். நெசவுத் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். மில் வைப்பார் என்று பார்த்தால், மனுஷன் சினிமா பக்கம் போய்விட்டார்!

அன்றைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். 1931-ல் வந்த 'காளிதாஸ்' தமிழ் பேசியது. ஆனால் எடுத்தது பம்பாயில். தமிழ்ப்படம் எடுக்க வேண்டும் என்றால் நடிகர், பாட்டுக்காரர், பக்கவாத்தியம் என்று எல்லோரையும் ரயிலேற்றிப் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கொண்டுபோக வேண்டும். சென்னைக்கே பேசும்பட ஸ்டூடியோ 1934-ல்தான் வந்தது. சேலத்தில் 'ஏஞ்சல் பிலிம்ஸ்' கம்பெனியில் கூட்டு சேர்ந்து தொழிலைப் பழகிய சுந்தரம், அடுத்ததாக ஸ்டூடியோவையே சேலத்துக்குக் கொண்டுவந்தார். நூல் ஒரு ஊரில், தறி ஒரு ஊரில் என்றால் துணி கட்டுப்படியாகுமா? அதே கணக்குதான். ஏற்காடு அடிவாரத்தில் 1930-களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, லேபரட்டரி எல்லாம் ஒரே வளாகம். 1937-ல் முதல் படம், 'சதி அகல்யா'.

அடுத்த வருஷமே ஒரு சரித்திரம் நடந்தது. மலையாளத்தில் பேசும்படம் எடுக்கவேண்டும் என்று ஆலப்பி வின்சென்ட் என்ற நடிகர் அலைந்துகொண்டிருந்தார். கேரளத்தில் ஸ்டூடியோ கிடையாது. சேலத்துக்கு வந்தார். சுந்தரம் கணக்குப் போட்டார், சரி என்றார். 1938-ல் 'பாலன்' வெளியானது. மலையாளத்தின் முதல் பேசும்படம், சேலத்து மண்ணில் தயாரானது.

இப்படி 'முதல்'களின் பட்டியல் நீளம். 1940-ல் 'உத்தமபுத்திரன்'. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் கதாநாயகனின் இரட்டை வேடத்துக்கு இதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். 1956-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் வண்ணப்படம். நடுவில் 1952-ல் ஹாலிவுட்காரர்களோடு கைகோத்து 'தி ஜங்கிள்' என்று ஒரு ஆங்கிலப்படமும் எடுத்தார்.

எப்படி முடிந்தது? அவர் சினிமாவை மில் மாதிரி நடத்தினார், அதனால் முடிந்தது. எழுத்தாளருக்கும் மாதச் சம்பளம், நடிகருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வரணும், சொன்ன தேதிக்கு முடிக்கணும். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. கதை இலாகாவில் கண்ணதாசன் வேலை பார்த்திருக்கிறார். கருணாநிதி வசனம் எழுதினார்.

அந்த மில்லின் ஓட்டத்துக்கு 'மந்திரி குமாரி'யே சாட்சி. 1950-ல் வந்த படம். வசனம் கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர்., டைரக்டர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். படம் முழுசாக முடிவதற்குள் டங்கன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். வேறு கம்பெனியாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சுந்தரம் தானே நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தை எடுத்து முடித்தார். டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் வந்தது. படம் ஓடோ ஓடென்று ஓடியது.

ஆள் போனாலும் தறி நிற்கக்கூடாது. இதுதான் அவர் தொழில் நடத்திய முறை. ஒரு நடிகரையோ ஒரு டைரக்டரையோ நம்பிக் கம்பெனி இருக்கக்கூடாது. இந்த முறையில் கலைஞர்களுக்கு மூச்சுமுட்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடிகாரம் பார்த்து வருவதில்லையே கற்பனை! ஆனால் எத்தனையோ தொழிலாளிகள் வீட்டில் அந்தக் கடிகாரத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. படம் ஓடினாலும் படுத்தாலும் மாசம் பிறந்தால் சம்பளம் என்பது, சினிமாவில் அன்றைக்கும் பெரிய விஷயம், இன்றைக்கும் பெரிய விஷயம்.

தென்னிந்திய திரைப்பட வர்த்தக சபையின் தலைவராகவும் இருந்த சுந்தரம், 1963 ஆகஸ்ட் 30-ம் தேதி காலமானார். வயது 56.

யார் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்று காட்டியவர் இல்லாமல் வேலை நடந்ததா? நடந்தது. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று ஜெய்சங்கரை வைத்து விறுவிறு துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். ஆனால் காலம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கம்பெனிக்கு நடிகர் என்பது போய், நடிகருக்குக் கம்பெனி என்று ஆனது. எல்லாமே கோடம்பாக்கம் என்றானது. 1977-ல் '16 வயதினிலே' வந்த பிறகு கேமரா கிராமத்துத் தெருவுக்கே போய்விட்டது. செட்டும் ஸ்டூடியோவும் யாருக்கு வேண்டும்? 1980-களில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓய்ந்தது.

ஆக, ஆள் போனதால் அந்தத் தறி நிற்கவில்லை. துணி உடுத்துகிறவர்களின் ரசனையே மாறிப்போனதால் நின்றது. அந்தக் கணக்கு மட்டும் லீட்ஸில் படித்தவருக்கும் கைவராத கணக்கு.

அடுத்த முறை ஏற்காடு பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்காருங்கள். வளைவு வரும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காட்டிச் சொல்லுங்கள். பம்பாய்க்குப் போய்த்தான் படம் எடுக்கணும் என்றிருந்த காலத்தில், 'நம்ம ஊரிலேயே எடுத்தால் என்ன?' என்று ஒரு மனுஷன் கட்டின வாசல் இது என்று.