இறுக்கமும் இருக்கையும்: பெங்களூர்க் குதிரையேற்ற வரலாற்றில் காலும் இடுப்பும்

முன்னுரை

தமிழிலக்கியத்தில் குதிரை பற்றிய செய்திகள் மிகுதி. சங்கச் சான்றோர் அதன் விரைவைப் பாடினர். புறத்திணையில் 'குதிரை மறம்' என்னும் தனித்துறை அமைந்தது. நரி பரியான கதை மாணிக்கவாசகர் வரலாற்றோடு இணைந்து திருவிளையாடற் புராணத்தில் விரிந்தது. நகுலர் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் குதிரையின் நிறம், சுழி, இலக்கணம் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கிறது. இவற்றுள் குதிரையின் உடல் பேசப்படும் அளவிற்கு அதன்மேல் அமர்ந்தவனின் உடல் பேசப்படுவதில்லை. அவன் தொடை எங்கு அமைந்தது, முழங்கால் எவ்வளவு மடங்கியது, இடுப்பு இறுகியிருந்ததா நெகிழ்ந்திருந்ததா என்பன வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. பெங்களூரைக் களமாகக் கொண்டு, ஊர்வோனின் கால்நிலை பற்றிய கருத்து எவ்வாறு மாறிவந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வையாளி என்னும் சொல்

குதிரையேற்றத்தையும் அதற்குரிய வெளியையும் குறிக்கும் 'வையாளி' என்ற சொல் தமிழில் உண்டு. திருவரங்கத்தில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளி முன்னும் பின்னும் விரைந்தோடும் நிகழ்ச்சி இன்றும் வையாளி என்றே வழங்கப்படுகிறது. இச்சொல்லோடு உறவுடைய 'வாஹ்யாளி' என்னும் வடசொல், கன்னட நாட்டை ஆண்ட கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசத்தில் காணப்படுகிறது. குதிரைமேல் இருந்தவாறு கோலால் பந்தடிக்கும் ஆடலை அந்நூல் அரச விநோதங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. ஒரு கை கோலையும் மறு கை கடிவாள வாரையும் பற்றியிருக்க, உடலை நிலைநிறுத்தும் பொறுப்பு இடுப்பிற்கும் காலுக்கும் உரியதாகிறது. எனவே இருக்கை பற்றிய அறிவு கன்னட, தமிழ் நாடுகளுக்குப் புதியதன்று எனக் கருதலாம்.

அங்கவடிக்கு முன்னும் பின்னும்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்து நூல் செய்த கிரேக்க அறிஞர் செனபோன், ஊர்வோன் நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாகாது என்றும், கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவன்போல் இருத்தல் வேண்டும் என்றும், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி தளர்ந்து தொங்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். அவர் காலத்தில் அங்கவடி இல்லை. கால் ஊன்ற இடமின்மையால் உடலின் சமநிலையே ஊர்வோனுக்குத் துணையாயிற்று.

காலின் கட்டைவிரல் மட்டும் நுழையும் அளவிலான தொடக்ககால அங்கவடியைச் சாஞ்சிச் சிற்பங்களில் காணமுடிகிறது. பாதம் முழுதும் ஊன்றத்தக்க இரட்டை அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் வழக்கிற்கு வந்து, பின்னர்ப் பிற நாடுகளுக்குப் பரவியது. அங்கவடியின் வார் நீளமாயின் கால் நீண்டு தொங்கும்; குறுகின் முழங்கால் மடங்கி மேலேறும். நீண்ட வாரும் குறுகிய வாருமாக இரு மரபுகள் உலகெங்கும் நிலவின. போரின் இயல்பும் படைக்கலமும் சேணத்தின் அமைப்புமே இவற்றைத் தீர்மானித்தன.

பெங்களூர்த் தண்டில் பற்றுதல் மரபு

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், 1809இல் பெங்களூரில் ஆங்கிலேயப் படைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. சென்னை மாகாணத்திலிருந்து படையோடு வந்த தமிழ் மக்கள் பலர் குடியேறிய 'தண்டு' பகுதி இதுவே. குதிரைப்படைகளின் பயிற்சியும் போலோ ஆட்டமும் இங்குச் செழித்தன.

1896 அக்டோபரில் 4ஆம் உசார் படையோடு இங்கு வந்த இளம் அதிகாரிகளுள் வின்ஸ்டன் சர்ச்சில் ஒருவர். அவர் 1930இல் வெளியிட்ட தன்வரலாற்றில், இந்தியாவிற்கு வருமுன் இங்கிலாந்தில் பெற்ற குதிரையேற்றப் பயிற்சியை விவரிக்கிறார். அங்கவடியின்றியும் சேணமின்றியும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டும் தடை தாண்டவேண்டியிருந்தது. அப்பயிற்சியில் சேணத்தைப் பற்றுவதற்கு ஆதாரமெனக் கருதப்பட்ட 'தையல்காரர் தசை' அவருக்குப் புண்பட்டது. ஆயினும் ஒருநாள் ஓய்வு கேட்பதும் கோழைத்தனமாக எண்ணப்படும் என்பதால், கிழிந்த தசையையே மேலும் வருத்திப் பயிற்சியைத் தொடர்ந்ததாக அவர் எழுதுகிறார்.

தையல்காரர் சம்மணமிட்டு அமரும் நிலையை ஒட்டி இத்தசை இப்பெயர் பெற்றது. இடுப்பெலும்பின் முன்முனையில் தொடங்கித் தொடையின் குறுக்கே இறங்கி முழங்காலின் உட்பக்கத்திற்குக் கீழே முடியும் இது, உடலிலேயே நீளமான தசையாகும். தொடையை மேலே தூக்குதலும் வெளிப்புறம் திருப்புதலும் இதன் தொழில்கள். சேணத்தை இறுகப் பற்றுவதில் பெரும்பங்கு வகிப்பவை தொடையின் உட்புறத் தசைகளே என்று இன்றைய உடற்கூற்றியல் கொண்டு கூறலாம். எனினும் சர்ச்சிலின் குறிப்பு மதிப்புடையது. வலியைக் குறையாக எண்ணி மறைக்கச் செய்த ஒரு பயிற்சி மரபை அது வெளிப்படுத்துகிறது.

இறுக்கத்தின் காரணம்

பற்றுதலே பாதுகாப்பு என்னும் கருத்தில் ஒரு முரண் உண்டு. முழங்காலால் இறுகப் பற்றும்போது முழங்கால் ஓர் அச்சாகிறது, கணைக்கால் அதனைச் சுற்றி முன்னும் பின்னும் ஆடுகிறது, குதிகால் மேலெழுகிறது. தொடையின் உட்புறத் தசைகள் சுருங்க, ஊர்வோனின் உடல் சேணத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. விழுவோம் என்ற அச்சத்தால் அவன் மேலும் பற்றுகிறான், மேலும் நிலையிழக்கிறான்.

இடுப்பின் முன்புறத் தசைகள் குறுகியிருப்பின் வேறொரு குறை தோன்றும். தொடை கீழ்நோக்கி நீள இயலாமல் முழங்கால் மேலேறும். கணைக்கால் முன்னே செல்லும். உடல் பின்னே சாயும். செனபோன் விலக்கிய நாற்காலி இருக்கை இதுவே. நாள்முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோருக்கு இவ்விறுக்கம் எளிதில் நேரக்கூடியது. சேணத்தின் ஆழ்ந்த பகுதி பின்னும், அங்கவடி தொங்கும் இடம் மிக முன்னும் அமைந்தால் பயிற்சி மிக்கோருக்கும் இக்குறை நேரும். ஆகவே குறையை ஊர்வோனிடம் மட்டும் தேடுதல் பொருந்தாது.

திருத்தும் முறை

காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே நேர்க்கோட்டில் அமைதல் சமநிலை இருக்கையின் அளவுகோலாகும். குதிகாலை வலிந்து கீழே அழுத்துவதால் இக்கோடு அமையாது. கணுக்கால் விறைக்கவே அது வழிசெய்யும். திருத்தம் இடுப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். குதிரை நின்றிருக்கும்போது அங்கவடியை விடுத்து, தொடையைச் சேணத்திலிருந்து சற்றே அகற்றிப் பின்னுக்குக் கொணர்ந்து, முழங்கால் முன்னோக்கும்படி இடுப்பு மூட்டிலிருந்து திருப்பி மெல்ல விடுதல் முதற்படி. பயிற்றுநர் நீண்ட வாரைப் பிடித்துக் குதிரையை வட்டமாக நடத்த, ஊர்வோன் அங்கவடியின்றி அதன் அசைவைப் பின்பற்றுதல் அடுத்தபடி. இங்குச் சர்ச்சில் காலத்துப் பயிற்சியும் இன்றைய பயிற்சியும் புறத்தே ஒத்துத் தோன்றும். முன்னது பற்றுதலை வளர்க்கவும் பின்னது பற்றுதலை மறக்கவும் அங்கவடியை நீக்குகின்றன. தரையில் ஒரு காலை முன்வைத்து, மறுகாலின் முழங்காலை ஊன்றி இடுப்பின் முன்புறத்தை நீட்டும் பயிற்சியும் துணைசெய்யும். இடுப்பெலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அனைவர்க்கும் ஒரே கால்நிலையை விதித்தல் கூடாது. மூட்டில் கூர்மையான வலி தோன்றின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதலே முறை.

இக்காலப் பெங்களூர்

தடை தாண்டும்போது பின்சாயும் பழைய வழக்கத்தை மாற்றி, அங்கவடியைக் குறுக்கி, உடலைக் குதிரையின் அசைவோடு முன்செலுத்தும் முறையை வகுத்தவர் இத்தாலியப் படை அதிகாரி பெதரிகோ கப்ரில்லி (1868–1907). அவருக்குப் பின் கால்நிலை என்பது செயலுக்கேற்ப மாறுவது என்னும் கருத்து வலுப்பெற்றது.

1918 செப்டம்பர் 23இல் ஹைபா நகரைக் கைப்பற்றிய படைகளுள் மைசூர் லான்சர்ஸ் படையும் ஒன்று. அதன் நினைவுத்தூண் பெங்களூர் ஜெயச்சாமராசேந்திர நகரில் உள்ளது. போர்க்களத்தினின்று குதிரை விலகியபின், அக்கலை இந்நகரில் விளையாட்டாகத் தொடர்ந்தது. 1992இல் பெங்களூரில் பிறந்த பவாத் மிர்சா, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவென்டிங் போட்டியில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வென்றார். 1982க்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற முதல் தனிநபர்ப் பதக்கம் இது. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார். ஈவென்டிங் போட்டி டிரெசாஜ், கிராஸ் கன்ட்ரி, தடை தாண்டல் என்னும் மூன்று பகுதிகள் கொண்டது. முதலாவதில் கால் நீண்டு தொங்கவேண்டும். மற்ற இரண்டில் அங்கவடி குறுகி முழங்கால் மடங்கவேண்டும். நெகிழாத இடுப்பு இம்மாற்றங்களைத் தாங்காது.

முடிவுரை

குதிரையேற்ற வரலாற்றில் வன்மை என்பது இறுகப் பற்றும் ஆற்றல் என்ற நிலையிலிருந்து, குதிரையின் அசைவிற்கு இடந்தரும் ஆற்றல் என்ற நிலைக்கு மாறியுள்ளமை புலனாகிறது. செனபோன் கண்ட உண்மையைப் பயிற்சிக்கூடங்கள் மறந்த காலத்தில் அதற்கான விலையை ஊர்வோரின் உடல்கள் செலுத்தின. வலியைப் பொறுப்பதே வீரம் எனக் கற்பிக்கும் இடங்களில் இவ்விலை இன்றும் செலுத்தப்படுகிறது.

தமிழாய்வாளர்க்கும் இதில் ஒரு பணி உள்ளது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களையும், நடுகற்களில் பொறித்த குதிரை வீரரையும் ஆராயும்போது ஆடை, அணி, படைக்கலம் ஆகியவற்றோடு தொடையின் சாய்வு, முழங்காலின் மடிப்பு, அங்கவடியின் இருப்பு ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். சிற்பியின் கற்பனைக்கு உரியது எது, ஊர்வோனின் வழக்கிற்கு உரியது எது எனப் பிரித்தறிய அப்பதிவுகள் உதவும். இலக்கியம் கூறாது விட்ட ஊர்வோனின் உடலைக் கல்லிலிருந்து மீட்டெடுக்க அதுவே வழியாகும்.