நம்மைத் தேடி வந்த மேய்ப்பர்களுக்கு நன்றி



ஜனவரி 16ஆம் நாள், நாம் போற்றும் புனித யோசப் வாஸ் அடிகளார் இறைவனடி சேர்ந்த நாள். அன்றைய திருப்பலிக்குப் பின் வாழ்த்துரைகளும் பொன்னாடைகளும் விருந்தும் இருக்கும். அவற்றோடு, யாருக்கு எதற்காக நன்றி கூறுகிறோம் என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பியே இதனை எழுதுகின்றேன்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் ஒல்லாந்தச் சபையின் கைக்கு மாறின. மாந்தையில் இருந்த அன்னையின் திருச்சுருவத்தைச் சுமந்துகொண்டு சில குடும்பங்கள் காட்டுக்குள் நடந்தன. அவர்கள் தங்கிய இடமே இன்றைய மருதமடு. இடம்பெயர்ந்தோரின் கைகளால் உருவான திருத்தலம் அது.

ஏறத்தாழ 29 ஆண்டுகள் நிலையான குரு எவருமின்றி நம் முன்னோர் வாழ்ந்தனர். குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், மரிப்போரின் அருகிலிருந்து செபிக்கவும் பொதுநிலையினரே முன்வந்தனர். பூசையின்றியே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

இச்செய்தி கோவாவை எட்டியபோது உள்ளம் பதறியவர் யோசப் வாஸ். 1651 ஏப்ரல் 21இல் பிறந்த இவர், கோவாவில் உருவான ஒறற்றோரியன் குருக்கள் சபையின் தலைவராக இருந்தவர். அப்பதவியை விட்டிறங்கி, 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவரே. வந்தவுடன் கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. நோய் பரவுமென அஞ்சியோர் அவரை ஊருக்குப் புறம்பே கிடத்தினர். ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள். அவளுடைய பெயரை வரலாறு நமக்குத் தரவில்லை. ஆயினும் நமது நன்றிக்குரியோரின் பட்டியல் அவளிடமிருந்தே தொடங்க வேண்டும்.

உயிர் பிழைத்தவர் கழுத்திலே செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று கவனித்தார். அவ்வாறே மறைந்திருந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை அவருடைய பணித்தளமாயிற்று. இரவிலே திருப்பலி, விடியுமுன் பயணம் என்று நாட்கள் கழிந்தன. கொங்கணி பேசிப் பிறந்தவர், ஏழைகளின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பதற்காகவே தமிழ் கற்றார். பின்னர் சிங்களமும் கற்றார்.

1689ஆம் ஆண்டின் கிறிஸ்மஸ் இரவில் ஒல்லாந்தப் படையினர் கூடியிருந்தோரை வளைத்தனர். அடிகளார் தப்பினார். மக்கள் பிடிபட்டுத் தண்டனை அனுபவித்தனர். தங்கள் குருவை அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் புத்தளம் வழியாக 1692இல் கண்டிக்குச் சென்ற அவர், ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் அந்நகரைப் பெரியம்மை தாக்கியபோது, இயன்றவர்கள் ஊரைவிட்டு அகன்றனர். அடிகளாரோ சமயம் பாராது நோயாளரைப் பராமரித்து, இறந்தோரை அடக்கம் செய்தார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்தார்.

அவருக்குப் பின்னும் பணி அறுபடவில்லை. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தார். தவக்காலத்தில் நம் மூத்தோர் உள்ளம் உருகப் பாடும் வியாகுலப் பிரசங்கம் அவருக்கே உரியதாக வழங்கி வருகிறது. குரு வராத மாதங்களில் செபத்தை நடத்தியவர்கள் மூப்பரும் அண்ணாவிமாருமே. அருட்பொழிவு பெறாத அவர்களும் நம் திருஅவையின் தலைவர்களே.

2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது, குருக்கள் அன்னையின் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றைய தினமே மடு அன்னையின் திருவடியில் நின்றார். இடம்பெயர்ந்த அன்னையும், மாறுவேடம் பூண்ட குருவும், காட்டிக்கொடாத மக்களும் ஒரே வரலாற்றின் பகுதிகள். நாமும் அதன் தொடர்ச்சியே.

அன்பார்ந்தோரே, புலம்பெயர் நாட்டில் நம்மைத் துன்புறுத்துவோர் எவருமில்லை. ஆலயக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆயினும் இரண்டு தலைமுறைக்குள் நம் வீடுகளில் செபமாலை ஓய்ந்துவிடக்கூடும். நமக்காகத் தமிழ் கற்ற ஒரு கோவாக் குருவின் பெயரை, தமிழ் அறியாத நம் பேரப்பிள்ளைகள் அறியாமலே போகக்கூடும். சட்டத்தால் அணைக்க முடியாத விளக்கை நமது அசட்டை அணைத்துவிடலாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் குடும்பமாக அமர்ந்து செபமாலை சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். ஊரில் உங்களுக்கு முதல் நற்கருணை வழங்கிய குருவையும், மந்திரம் சொல்லித் தந்த அருட்சகோதரியையும், மறைக்கல்வி ஆசிரியரையும் பெயர் சொல்லி நினைவுகூருங்கள். அவர்கள் உயிரோடிருந்தால் தொலைபேசியில் அழைத்து நன்றி கூறுங்கள். மறைந்திருந்தால் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள்.

புனித யோசப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை